கட்டில் போகும், மரம் இருக்கும்

தந்தை உறங்கிய தேக்குக் கட்டில் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் ஒரு கால் உளுத்துவிட்டது, சட்டங்கள் தளர்ந்துவிட்டன. அவர் மறைந்தபின், அதை அப்படியே ஓர் அறையில் வைத்துக் காப்பதா, விலைக்குத் தள்ளிவிடுவதா என்று பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். காப்பது பக்தியாகவும் தள்ளிவிடுவது வைராக்கியமாகவும் தோன்றலாம். ஆராய்ந்தால், முதலாவதில் வெறும் பற்றும் இரண்டாவதில் அலட்சியமும் ஒளிந்திருக்கக்கூடும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. குஜராத்தில் பாவ்நகர் மாவட்டத்து அலங் கடற்கரையில் 1983 முதல் பழைய கப்பல்கள் உடைக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் இரும்பு உருக்காலைக்குச் செல்கிறது. அறைகளில் இருந்த மேசை, அலமாரி, கதவு முதலியன சாலையோரக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து வீடுகளை அடைகின்றன. கடலில் பயணம் முடித்த கப்பலின் கதவு, ஒரு மாணவனின் படிப்பு மேசையாகலாம்.

ஆனால் இந்த மாற்றம் எளிதில் நிகழ்வதில்லை. பழைய மரத்தைக் கையிலெடுத்த தச்சர் உடனே இழைக்கத் தொடங்குவதில்லை. முதலில் ஆணிகளைத் தேடிப் பிடுங்குகிறார். மறைந்திருக்கும் ஓர் ஆணி போதும், இழைப்புளியின் கூர்மை கெட்டுவிடும். பிறகு தட்டிப் பார்த்து, உளுத்த பகுதியைத் தயங்காமல் அறுத்து நீக்குகிறார். எஞ்சுவது வைரம் பாய்ந்த மரம். பல்லாண்டு உலர்ந்திருப்பதால் அது பச்சை மரத்தைப்போல எளிதில் கோணுவதில்லை. பழைய துளைகளை அவர் மர ஆப்பினால் அடைக்கிறார். அவற்றின் தழும்பு தெரியத்தான் செய்யும். மேசையின் பயன் அதனால் குறைவதில்லை.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மண், பொன், இரும்பு ஆகியவற்றைக் காட்டி, மாறுபவை பெயரும் வடிவுமே, மூலப்பொருள் ஒன்றே என்று உணர்த்துகிறார். மர உவமைக்கு எல்லை உண்டு. மரமும் ஒருநாள் மண்ணாகும், ஆன்மாவோ அழிவற்றது. ஆயினும் வடிவம் குலைவது அழிவன்று என்பதைப் புரிந்துகொள்ள இவ்வுவமை போதும்.

பெருக்கி முடித்ததும் துடைப்பத்தை அலட்சியமாக வீசிய ஒரு பெண்ணை அன்னை ஸ்ரீசாரதாதேவியார் திருத்தினார். துடைப்பத்திற்கும் அதற்குரிய மதிப்பைத் தரவேண்டும் என்பதே அவரது போதனை. ஒரு பொருளை மதிப்பது என்பது அதன் பணியை மதிப்பதாகும். தந்தையின் கட்டில் முதிய தாய் அமரும் பெஞ்சாக மாறினால், அங்கே நினைவும் வாழ்கிறது, சேவையும் தொடர்கிறது.

உயிரற்ற மரத்திடம் இத்தனை பொறுமை காட்டும் மனிதன், தவறிழைத்துத் திருந்தி வரும் சகமனிதனைப் பழைய துளைகளைக் கொண்டே எடைபோடலாமா? தன்னையே ‘இனி பயனற்றவன்’ என்று ஒதுக்கிக்கொள்ளலாமா? ஆணியைப் பிடுங்குவது வலிக்கும். உளுத்ததை அறுப்பது அதைவிட வலிக்கும். அந்த வலியே சாதனை. உள்ளிருக்கும் வைரம் புதிதாக உண்டாக்கப்படுவதன்று. அது முன்பே இருக்கிறது, வெளிப்படக் காத்திருக்கிறது.