நந்தினி ஊற்றிய கள்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமத்தில் எழுத்தாளர் கல்கி சில ஆண்டுகள் இருந்தார். அங்கிருந்து வந்த 'விமோசனம்' பத்திரிகைக்கு வேலை ஒன்றே ஒன்று: கள்ளையும் சாராயத்தையும் எதிர்ப்பது. போதையில் இருப்பவன் தான் நிதானமாக இருப்பதாகவே சத்தியம் செய்வான். அந்த மேட்டாங்காட்டு ஊர்களில் கல்கி அதை நிறையவே பார்த்திருப்பார்.

1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' நாவலில் அதே போதையை நந்தினி என்ற பாத்திரத்தின் கையில் கொடுத்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றும். அவள் யாரையும் அதட்டுவதில்லை. அறுபத்து நான்கு விழுப்புண் பட்ட அவள் கணவர் பெரிய பழுவேட்டரையருக்கு வயதான காலத்தில் ஒரு ஆதரவு வேண்டியிருந்தது, அதைக் கொடுத்தாள். கந்தமாறன் காயம்பட்டுக் கிடந்தபோது பக்கத்தில் இருந்தாள். பார்த்திபேந்திரனுக்குப் பார்வையே போதுமாக இருந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனிடம் அவள் எதையும் புதிதாக மூட்ட வேண்டியதில்லை. பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையை வெட்டிய நாளிலிருந்து அவன் தானாகவே வெந்துகொண்டிருந்தான்.

ஆளுக்கு ஆள் கலயம் வேறு, உள்ளே இருந்தது அவரவர் மரத்தில் இறக்கியதுதான். சின்னப் பழுவேட்டரையர் மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டார். தம்பி எச்சரித்ததும் அண்ணனுக்குக் கோபம் வந்தது, நந்தினி மேல் அல்ல.