அப்பாவின் செட்டில்மெண்ட் பணமும் பிள்ளையின் வீடும்

சென்னைப் புறநகரில் 80 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஃப்ளாட் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை இருந்தால், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டி வங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படியானால் கடன் 64 லட்சம், கைப்பணம் 16 லட்சம். பத்திரச் செலவு இந்தக் கணக்கில் சேராது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக இன்னும் 7 லட்சத்து 20 ஆயிரம். புரோக்கர் கமிஷனையும் வக்கீல் பீஸையும் விட்டுவிட்டாலும், முதல் மாதத் தவணை தொடங்கும் முன்பே 23 லட்சத்துக்கு மேல் புரட்டியாக வேண்டும்.

முப்பது வயதை ஒட்டிய ஒருவர், வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் போக மிச்சம் பிடித்து இவ்வளவு சேர்த்திருப்பது அரிது. எனவே பேச்சு வீட்டுக்குள் திரும்புகிறது. அப்பா ஓய்வுபெற்றபோது வந்த செட்டில்மெண்ட் பணம் இருக்கிறது. ஊரில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அம்மாவின் நகை இருக்கிறது. மாமனாரும் ஏதோ செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. நன்கொடை வரி 1998-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் பணம் எத்தனை லட்சமானாலும் வாங்குபவருக்கு வருமான வரி இல்லை. வங்கிக் கணக்கு வழியாக அனுப்பி, ஆடிட்டர் சொல்கிறபடி ஒரு அன்பளிப்புக் கடிதம் எழுதி வைத்துக்கொண்டால் போதும். அந்தப் பணத்தை வாங்குவது சரிதானா என்பதை மட்டும் எந்த ஆடிட்டரும் சொல்லிவிட முடியாது.

வாங்கலாம். அதில் தவறில்லை. ஆனால் கொடுத்தபின் கொடுத்தவர் எப்படி வாழ்வார் என்று கணக்குப் பார்க்கும் கடமை, கொடுப்பவரைவிட வாங்குகிறவருக்கே அதிகம். நம் குடும்பங்களில் இந்தக் கடமை பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் விழுந்துகிடக்கிறது. கொடுக்கிறவர்கள் பெரியவர்கள், விவரம் தெரிந்தவர்கள், யோசித்துத்தான் கொடுப்பார்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள்.

வாங்குவதற்கான நியாயத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வாடகை வீட்டில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாழ்வது வெறும் பணப் பிரச்சினை இல்லை. என்ன சாதி, அசைவம் சமைப்பீர்களா, எத்தனை பேர் வந்துபோவார்கள் என்ற விசாரணைகளைக் கடந்துதான் பலருக்கு இந்த நகரத்தில் சாவி கிடைக்கிறது. பிள்ளை அந்த நிலையில் இருப்பதைப் பார்க்கும் பெற்றோர், தாம் சேர்த்ததைத் தம் கண்ணெதிரே பயன்பட வைக்க விரும்புவது இயல்பு. இறந்தபின் போய்ச்சேரும் பணம் பிள்ளைக்கு ஐம்பது வயதில் கிடைக்கும். முப்பதில் கிடைத்தால் ஒரு குடும்பத்தின் போக்கே மாறும். கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்சும்போது அடுப்பருகே நிற்கும் தாயின் மகிழ்ச்சியையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். கொடுப்பவருக்கும் அந்தக் கொடையில் நிறைவு உண்டு. எல்லாவற்றையும் வேண்டாமென்று தள்ளும் பிள்ளை பெற்றோரை நோகடிக்கவும் கூடும்.

சிக்கல், பெற்றோரால் ‘இல்லை’ என்று சொல்ல முடியாததில் இருக்கிறது. மகன் நேரடியாகக் கேட்பதுகூட இல்லை. ‘மார்ஜினுக்குப் பத்து பதினைந்து இடிக்குதுப்பா’ என்று சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொல்வான். அப்பா அப்போது ஒன்றும் பேசமாட்டார். மறுவாரம் வங்கிக்குப் போய், முதிர்வுக்கு இன்னும் காலம் இருக்கும் பிக்சட் டெபாசிட்டை உடைப்பார். ‘முன்கூட்டி எடுத்தால் வட்டி குறையும் சார், பரவாயில்லையா?’ என்று கவுன்ட்டரில் கேட்பார்கள். ‘பையன் வீடு வாங்குறான்’ என்று சொல்லிவிட்டு ரசீதின் பின்பக்கம் கையெழுத்துப் போடுவார். அந்தப் பதிலில் பெருமிதம் இருக்கிறது. தனக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி அதில் இல்லை. அதைக் கேட்பது தகப்பனுக்கு அழகில்லை என்று நினைக்கும் தலைமுறை அது. மறுக்க வழியில்லாத இடத்தில் கிடைக்கும் சம்மதத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. மறுப்பதற்கான வழியைப் பிள்ளைதான் அமைத்துத் தர வேண்டும்.

முதுமையின் கணக்கு எப்படிப்பட்டது? தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்கு இபிஎஃப் ஓய்வூதியம் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். 15,000 ரூபாய் சம்பள வரம்பை வைத்துக் கணக்கிடப்படுவதால் பெரும்பாலோருக்கு அது மாதம் 7,500-ஐத் தாண்டுவதே அரிது. ஆகவே செட்டில்மெண்ட் பணம்தான் அவருடைய உண்மையான ஓய்வூதியம். அந்த 23 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 47,150 ரூபாய் வரும். மாதத்துக்கு ஏறக்குறைய 15,700. அரிசி, கரன்ட் பில், சர்க்கரை மாத்திரை, கல்யாணங்களுக்கு வைக்கும் மொய் எல்லாம் அதில் அடங்கும். எவரிடமும் கைநீட்டாமல் அடங்கும்.

பணம் மகனின் முன்பணமாகப் போனபின் அந்த 15,700 நின்றுவிடுகிறது. அதை மகன் மாதாமாதம் தரலாம், தரவும் செய்வான். ஆனால் 64 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணையே சுமார் 55,500 ரூபாய். வேலை போனாலோ மருமகள் பிரசவ விடுப்பில் இருந்தாலோ முதலில் நிற்பது எது? வங்கித் தவணை நிற்காது, வங்கி விடாது. பள்ளிக் கட்டணமும் நிற்காது. ‘இந்த மாசம் கொஞ்சம் டைட்டுப்பா’ என்ற வார்த்தையைக் கேட்கப்போவது ஊரிலிருக்கும் அந்த இருவர்தான். தன் பணத்தின் வட்டியில் வாழ்ந்தவர் இப்போது மகனின் தயவில் வாழ்கிறார். மகன் எவ்வளவு நல்லவனானாலும் இந்த மாற்றம் சிறியதில்லை. கொஞ்சம் கூடுதலாக ஸ்கேன் எழுதும் டாக்டரிடம் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லும் பெரியவர்களில் எத்தனை பேர் வலியை மறைக்கிறார்கள், எத்தனை பேர் செலவுக்கு அஞ்சுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை.

இந்தக் கணக்கில் அம்மாவின் குரல் இன்னும் சன்னமானது. டெபாசிட் அப்பா பெயரில் இருக்கும், அம்மா பெயர் நாமினி இடத்தில் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் மனைவியைவிடக் கணவர் வயதில் மூத்தவர். அப்பாவுக்குப் பின் சில ஆண்டுகளாவது தனியாக வாழப்போகிறவர் அம்மா. குடும்ப ஓய்வூதியம் அப்போது இன்னும் குறையும். அந்தப் பணத்தின் கடைசிப் பயனாளி அவர்தான். அவரிடம் தனியாக உட்கார்ந்து ‘உனக்குச் சம்மதமா?’ என்று கேட்காமல் எடுக்கப்பட்ட பணம், அப்பா மனமுவந்து கொடுத்ததேயானாலும், பாதிச் சம்மதத்தில் வந்த பணம்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டதே, பிள்ளைகள் கைவிட்டால் கொடுத்ததைத் திரும்பப் பெறலாமே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அச்சட்டத்தின் 23-ஆவது பிரிவில் அதற்கு வழி உண்டு. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, வாங்கியவர் அதை மீறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ரத்து செய்து, வீட்டை அவரிடமே ஒப்படைக்கச் சொன்னது. ஆனால் வீட்டை எழுதிக்கொடுத்தவருக்குத் திரும்பக் கேட்க ஒரு வீடு இருக்கிறது. முன்பணம் கொடுத்தவருக்கு என்ன இருக்கிறது? பணம் விற்றவரின் கணக்குக்குப் போய்விட்டது. ஃப்ளாட் மகன் பெயரில் வங்கியின் அடமானத்தில் இருக்கிறது. கையிலிருப்பது, திருப்பிக் கேட்க மாட்டேன் என்று அவரே எழுதிக் கையெழுத்திட்ட அன்பளிப்புக் கடிதம். ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடலாம், அச்சட்டப்படி அதற்கு உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். எந்தத் தாய் தகப்பன் மகன்மேல் மனுப் போட்டுக் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறுவார்கள்? ஏறுகிறவர்கள் எல்லாம் இழந்தபின் ஏறுகிறவர்கள்.

அடுத்து, கூடப்பிறந்தவர்கள். சுயமாகச் சம்பாதித்த பணத்தைத் தகப்பன் யாருக்கும் கொடுக்கலாம். அதே தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்தப் பணத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. உயிரோடு இருக்கும்போது மகனின் ஃப்ளாட்டுக்காகக் கொடுத்தால் மகளின் பங்கு சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது. ‘அவளுக்குத்தான் நகை போட்டுக் கல்யாணம் பண்ணிவெச்சாச்சே’ என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். கல்யாணச் செலவில் பெரும்பகுதி மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் பந்தலுக்கும் போனது. அது மகளின் கையில் தங்கவில்லை. மகனின் கல்யாணத்துக்கும் செலவாகியிருக்கும், அதை யாரும் அவன் பங்கில் கழிப்பதில்லை. பரம்பரை நிலமாக இருந்தால் இது இன்னும் கூர்மையாகும். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் மகளுக்குப் பிறப்புரிமை வந்துவிட்டதால், விற்க அவள் கையெழுத்து தேவை. ஆகவே அவளை வரவழைத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். ‘அண்ணன் வீடு வாங்குறான், நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அவன்தானே நிப்பான்’ என்கிறார்கள். பிறந்தவீட்டின் வாசல் தனக்கு அடைபட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் அவள் கையெழுத்துப் போடுகிறாள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொகை என்பதுதான் நியாயம் என்று சொல்ல வரவில்லை. உடல்நலமில்லாத பிள்ளைக்குக் கூடுதலாகத் தரலாம். பெற்றோரைப் பத்தாண்டு வைத்துப் பார்த்துக்கொண்ட மகளுக்குக் கூடுதலாகத் தரலாம். எது எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். ‘தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம்’ என்ற வார்த்தை பேச்சில் வந்துவிட்டால், அந்தக் கொடையில் நியாயம் இல்லை என்று கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்துவிட்டது என்றே பொருள்.

மாமனார் தரும் பணம் தனி வகை. கல்யாணத்தை ஒட்டியோ, அதன் தொடர்ச்சியாகக் கேட்கப்பட்டோ வருவது வரதட்சணை. 1961-லிருந்து அது குற்றம், ஃப்ளாட் என்று பெயர் மாற்றினாலும் குற்றம். கேட்காமலே தானாக மனமுவந்து தருகிறார் என்றால், அது அவர் மகளுக்குத் தருவது. பத்திரத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும். இங்கே ஒரு ஏமாற்று தெரிந்தும் தெரியாமலும் நடக்கிறது. கடன் தொகை கூடுவதற்காக மனைவியின் சம்பளத்தைக் காட்டி, அவரை இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திட வைக்கிறார்கள். கிரயப் பத்திரமோ கணவர் பெயரில் மட்டும். அப்போது கடனில் அவருக்குப் பங்கு உண்டு, வீட்டில் இல்லை. அவர் தகப்பன் கொடுத்த பணமும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. இதைவிட வெளிப்படையான அநியாயம் இந்த விஷயத்தில் வேறில்லை.

கொடுப்பவர் பக்கமும் கடமை உண்டு. கொடுத்ததைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு மருமகளின் சமையலறையில் அதிகாரம் செய்வது கொடையைக் கெடுக்கும். திரும்ப வேண்டும் என்றால் கடன் என்று முதலிலேயே சொல்லி, ஒரு தாளில் எழுதி, மாதத் தொகையைப் பேசிக்கொள்ளலாம். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே எழுத்தா என்று கூசத் தேவையில்லை. நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் வழக்கு வராமல் அது காக்கும்.

இன்னொரு பக்கத்தைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. கொடுக்க எதுவும் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் நம்மிடையே மிகப் பலர். தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்ட சாதிகளில் பிறந்து, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி முடித்தவர், சம்பளத்தில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்புகிறார். பக்கத்து நாற்காலியில் அதே சம்பளம் வாங்குபவருக்கு ஊரிலிருந்து 23 லட்சம் வருகிறது. பத்தாண்டு கழித்து ஒருவரிடம் வீடு இருக்கும், இன்னொருவரிடம் வாடகை ரசீது இருக்கும். இதற்காகப் பெற்றோர் பணத்தை யாரும் வாங்கக் கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால் அதை வாங்கியவர், தான் சிக்கனத்தாலும் உழைப்பாலும் மட்டுமே வீடு வாங்கியதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. ‘நீயும் கொஞ்சம் சேர்த்து வெச்சிருக்கலாமே’ என்று அந்த நண்பரிடம் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

பெற்றோரின் பணத்தை வாங்கவிருக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஒரு வேண்டுகோள். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஊருக்குப் போய், அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து, பாஸ்புத்தகங்களை விரித்து வையுங்கள். கொடுத்தபின் அவர்கள் பெயரில் என்ன மிஞ்சும், மாதம் எவ்வளவு வரும், ஒரு ஆபரேஷன் வந்தால் எங்கிருந்து எடுப்பார்கள் என்பதை நீங்களே கேட்டு, நீங்களே எழுதுங்கள். கூடப்பிறந்தவர்களையும் அந்தப் பேச்சில் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது இருவரும் யார் தயவுமின்றி வாழப் போதாது என்று தெரிந்தால், அவர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் அந்தப் பணத்தை எடுக்காதீர்கள். 50 லட்சத்தில் இன்னும் சிறிய வீடு பாருங்கள், அல்லது மூன்று ஆண்டு பொறுத்து வாங்குங்கள்.