முள் ஏறாத எஞ்சினும் மரத்துப் பேயும்

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பழைய கார்களைப் பேணி ஓட்டுகிறவர்களிடையே ஒரு பேச்சு நெடுங்காலமாகப் புழங்குகிறது: இந்த ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, கழற்றிப் போட்டுவிடு, எஞ்சின் சூடேறாமல் ஓடும். மோரிஸ் மைனருக்கும் இதைச் சொல்கிறார்கள், 1985-இல் வெளிவந்த முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவுக்கும் இதையே சொல்கிறார்கள். கழற்றிய பிறகு கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான்வரை ஓட்டிப் போனாலும் வெப்பமானியின் முள் கீழேயே கிடக்கும். ஓட்டுகிறவருக்கு மனம் நிறைந்துவிடும். அந்த நிறைவு அறிவாகுமா என்பதுதான் இங்கே கேள்வி. ஒருவர் சொல்லக் கேட்டதை எந்த நிலையில் அறிந்ததாகக் கொள்ளலாம் என்று நம் தத்துவ மரபு அளவை என்ற பெயரில் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறது. அந்த ஆராய்ச்சியை வீடுபேறு பற்றிய வாதங்களுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டோம். பட்டறையிலும் அது செல்லும், செல்ல வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் பொருளின் இயல்பைப் பார்ப்போம். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் ஒரு வால்வு. அதற்குள் இருக்கும் மெழுகு, 82 அல்லது 88 டிகிரி போல அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையில் உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை நீரை எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட்டு விரைவில் சூடேற்றும். வெளியே 32 டிகிரி வெயில் அடித்தாலும் அது எஞ்சின் கேட்கும் வெப்பத்தைவிட 50 டிகிரி குறைவுதான். நெடுஞ்சாலையில் காற்று ரேடியேட்டரை அறைந்துகொண்டிருக்கும்போது, தடுக்க வால்வு இல்லாத நீர் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுகிறது. வெப்பம் ஏறிய எஞ்சினிலோ தெர்மோஸ்டாட் தானே திறந்துதான் இருக்கும். எனவே வெயிலைக் காட்டி அதை அகற்றுவதில் நியாயமே இல்லை. சில எஞ்சின்களில் வால்வு திறக்கும்போது ஒரு தட்டு பக்கவழியை அடைக்கும். அங்கே தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். நெரிசலில் அந்தக் கார் முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும். குளிர்ந்தே ஓடும் எஞ்சினில் பெட்ரோல் முழுதாக ஆவியாவதில்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியிலுள்ள எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. எரிப்பில் பிறக்கும் நீராவி வெளியேறாமல் படிந்து எண்ணெயைச் சேறாக்குகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்கின்றன. இவற்றில் ஒன்றுகூடச் சத்தம் போடுவதில்லை.

பத்து வருடமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒரு கோளாறும் இல்லையே என்பது வழக்கமான மறுப்பு. இதற்குப் பதில் குமாரில பட்டரின் மீமாம்ச மரபில் இருக்கிறது. இல்லாமையை அறிவதற்கென்றே அந்த மரபு அபாவம் என்ற தனி அளவையை ஏற்றது. தரையில் குடம் இல்லை என்று அறிவது அதன் எடுத்துக்காட்டு. அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லக்கூடிய இடத்தில்தான், படவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்றாகும். இருட்டறையில் குடத்தைக் காணாதது எதையும் நிறுவாது. எஞ்சின் கொதித்தால் ஆவி கிளம்பும், வண்டி நிற்கும், நெரிசலில் எல்லோரும் பார்ப்பார்கள். ஆகவே ஆவி இல்லை என்பது கொதிக்கவில்லை என்பதற்கு நல்ல சான்று. வளையத் தேய்மானம் அப்படிக் காட்சிக்கு வராது. எண்ணெய் மூடியைத் திருகி அதன் உட்புறத்தில் வெண்ணிறப் பசை படிந்திருக்கிறதா என்று பார்க்காதவர், கோளாறு இல்லை என்று சொல்ல எந்த அளவையும் துணை நிற்காது. மணிமேகலையின் சமயக் கணக்கர் காதையில் அளவைகளை விளக்கும் அளவைவாதி, அறிதலில் நேரும் எட்டுப் பிழைகளைப் பட்டியலிடுகிறான். கண்டும் உணராமை அவற்றில் ஒன்று. பத்து வருடமும் முள் கீழேயே நிற்பதைக் கண்டவருக்குப் பொருத்தமான பெயர் அதுதான்.

அதே பட்டியலில் தேராது தெளிதல் என்ற பிழையும் இருக்கிறது. அது எதிர்த் தரப்பைப் பிடித்துக்கொள்ளும். முள் கீழே நிற்கிறது, ஆகவே தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிவிட்டது என்று உடனே முடிவுகட்டுவதும் ஆராயாத தெளிவே. அளவைவாதி விளைவிலிருந்து காரணத்தை அறியும் அனுமானத்துக்கு எச்சம் என்று பெயர் சொல்லி, ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு அதன் தலைப்பக்கம் மழை பெய்தது என உணர்வதை உதாரணமாகத் தருகிறான். கிள்ளான்வாசிகளுக்கு இது எங்கே இடறும் என்று தெரியும்: அங்கே ஒரு சொட்டு மழை இல்லாமல் கடல் பெருக்கில் தெருவுக்குள் நீர் வந்துவிடும். ஒரு விளைவுக்கு இரண்டு காரணம் இருக்கக்கூடிய இடத்தில், மற்றக் காரணத்தை விலக்கிய பிறகே அனுமானம் நிற்கும். முள் தாழ்வதற்கும் அப்படிப் பல காரணங்கள் உண்டு. 1960-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே மின்னழுத்தச் சீராக்கியிலிருந்து சுமார் 10 வோல்ட் பெறுகின்றன. இரண்டும் சேர்ந்து தாழ்ந்தால் குற்றம் எஞ்சினில் இல்லை, சீராக்கியில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். வெப்ப முள் மட்டும் தாழ்ந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது சென்சாரும் அதன் கம்பியும். பிறகு குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கலாம். அது சில நிமிடம் சூடேறாமல் இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு மூடவில்லை, அல்லது வால்வே இல்லை. ஐயம் தீராவிட்டால் தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்து, வெந்நீரில் தொங்கவிட்டு, எந்த டிகிரியில் திறக்கிறது என்று நேரே காணலாம். அனுமானம் காட்சியில் வந்து முடிகிறது.

இனி உரை என்னும் அளவை. மற்றவர் சொல்லை மரபு தள்ளிவிடவில்லை. தள்ளியிருந்தால் ஆகமத்துக்கே இடமிருக்காது. ஆனால் மணிமேகலை ஐதிகத்தை ஆகமத்திலிருந்து வேறாக எண்ணுகிறது: ஊரார் சொல்கிறார்கள் என்பதால் இந்த மரத்தில் பேய் உண்டு என்று தெளிவதே ஐதிகம். வியாசர் சொன்ன பத்து அளவைகளில் அதுவும் ஒன்று. அளவைவாதியே, இப்போது வழக்கில் இருப்பவை ஆறு என்று முடிக்கும்போது ஐதிகம் அந்த ஆறில் இல்லை. சைவர் ஒருவர் இங்கே தடுக்கலாம்: 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஐதிகம் உள்ளிட்ட எல்லா அளவைகளும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்றாரே, அப்படியானால் ஊர்ப்பேச்சும் உரைதானே? வலுவான தடை இது. ஆனால் ஒன்றினுள் அடங்குவது என்றால் அதன் இலக்கணத்துக்கு உட்படுவது. சித்தியார் ஆகமத்துக்குத் தரும் இலக்கணம், அநாதியே மலம் நீங்கிய அறிவனுடைய நூல் என்பது. சொல்பவனுடைய அறிவே அங்கே சொல்லுக்குப் பிணை. எல்லோரும் சொல்கிறார்கள் என்ற பேச்சில் பிணை நிற்க ஒருவரும் இல்லை. ஆகமத்தை நம்புவது எஞ்சினைச் சோதிப்பதற்குத் தடையும் இல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலை எழுப்பிய இலங்கைத் தமிழர் சமூகத்தில் பலர் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். அழுத்தமானியைப் படித்து எஞ்சினை ஓட்டுவதும் ஆகமத்தை நம்பி வழிபடுவதும் ஒரே சமூகத்தில் ஒன்றையொன்று இடிக்க வேண்டிய தேவையே இல்லை, இரண்டுக்கும் அளவை வெவ்வேறு என்பதால்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்ன அந்தக்கால மெக்கானிக்குகளை அறியாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ரேடியேட்டர் துருவால் பாதி அடைத்துக் கிடந்தது, உதிரிப் பொருள் கிடைக்கவில்லை, வால்வு மூடியபடி சிக்கினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அந்த வண்டிக்கு, அந்த நாளில், அது தக்க அறிவுரை. கைமாறி வரும் வழியில் முடிவு மட்டும் தங்கி, காரணமும் நிபந்தனையும் உதிர்ந்துவிட்டன. நம் சமய வாழ்விலும் பல வழக்கங்கள் இதே வழியாக வந்து, காரணம் கேட்டால் கோபம் கொள்ளும் நிலைக்குப் போயிருக்கின்றன. இப்படி ஒவ்வொன்றையும் சோதிக்கத் தொடங்கினால் நம்பிக்கைக்கு என்ன மிஞ்சும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. காண்டலும் கருதலும் எட்டாத பொருளுக்காகவே சைவ சித்தாந்தம் உரையைத் தனி அளவையாக வைத்தது. கையும் வெந்நீரும் எட்டுகிற பொருளுக்கு அதைச் செலவிடச் சொல்லவில்லை. ஆகவே பட்டறையில் கேட்க வேண்டியது இது: என் வண்டியில் இதை ஏன் கழற்றினீர்கள், அப்போது ரேடியேட்டர் எந்த நிலையில் இருந்தது? பதில் அடைப்பு என்றால், ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, அந்த எஞ்சினுக்கு உரிய டிகிரி கொண்ட புதுத் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தச் சொல்ல வேண்டும்.