கல்லாதவர் அளித்த காணிக்கை

சாரத்தில் என் வீட்டு வாயிலுக்குச் சென்ற மாதம் ஒரே நாளில் இரண்டு வேண்டுகோள்கள் வந்தன. ஒன்று, நான் பயின்ற கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் விடுத்த மடல். நூலகத்தை விரிவாக்க நிதி வேண்டும் என்று அது கேட்டது. மற்றொன்று, எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா, மகளின் தேர்வுக் கட்டணத்துக்காகத் தயங்கித் தயங்கிக் கேட்ட உதவி. கையில் இருந்ததோ ஓய்வூதியத்தில் மிஞ்சிய சிறு தொகை. அதை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மடலை மேசை இழுப்பறையில் வைத்தேன். செய்தது சரியே என்று மனச்சான்று சொல்லிற்று. ஆயினும் ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. பசித்தவர் வாயிலில் நிற்க, கல்விக்கூடத்துக்குக் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார்? அது அறமாகுமா?

வள்ளுவரைக் கேட்டால், ஈகை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே விடை கிடைக்கிறது. இல்லாதவருக்குத் தருவதுதான் ஈகை. மற்றவை யாவும் பயனை எதிர்பார்த்துச் செய்யும் கொடுக்கல் வாங்கல் என்பது அவர் கருத்து. நிலமும் கட்டடமும் அரசின் மானியமும் உடைய பல்கலைக்கழகம் இல்லாதவர் வரிசையில் நிற்குமா? அதற்குக் கொடுப்பவர், கல்வெட்டில் தம் பெயரை வாங்கிக்கொள்கிறார் என்று சொல்லிவிடலாம் அன்றோ?

அவ்வாறு எளிதில் சொல்லிவிடக் கூடாதென்று நம் ஊர்களின் வரலாறே தடுக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794இல் மறைந்தபோது விட்டுச்சென்ற உயில் கோயில் பணிகளையும் பிற தருமங்களையும் கருதியது. நெடுங்கால வழக்குகளுக்குப் பின், அந்த நிதியில் ஒரு பகுதி 1842இல் சென்னையில் பள்ளியாக மலர்ந்தது. பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. கொடுத்தவர் எண்ணாத பயனை அவருடைய கொடை விளைத்தது. நம் புதுச்சேரியில் கல்வே சுப்பராயச் செட்டியாரின் பெயர் தாங்கிய பள்ளி இன்று அரசுப் பள்ளி. கை மாறிய பின்னும் கொடை நிற்கிறது. 1947இல் அன்னி பெசண்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாவில் ஏ. இலட்சுமணசாமி முதலியார் விடுத்த வேண்டுகோளைக் கேட்டு, அங்கேயே கல்லூரி தொடங்க முன்வந்தவர் அழகப்பச் செட்டியார். பின்னர்க் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிலையம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். புகழுக்காக மட்டும் கொடுத்தவர் என்று இத்தகையோரை எடைபோட எனக்குத் துணிவில்லை. புகழ் ஆசையும் இருந்திருக்கலாம். கலப்படமற்ற நோக்கம் மனிதரில் எவருக்கு உண்டு?

எனினும் இவர்கள் செல்வர்கள். என் ஐயத்தைத் தீர்த்தவர்கள் வேறு சிலர்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்தியவியல் துறை அமையவிருந்த காலத்தில், தமிழுக்கு அதில் உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு இதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார். தமிழ் நூலகம் ஒன்றுக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். கொடுத்தவர்களுள் தொழிலாளர்கள் பலர். ரப்பர் மரத்தின் பாலை வடித்து வாழ்ந்தவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் படியேறும் வாய்ப்பு ஏது? தாம் வாங்கித் தந்த நூலைத் தாமே படிக்கவும் இயலாதவர் எத்தனை பேர்! ஆயினும் கொடுத்தனர். 1961இல் அப்பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றவர், நம் திருச்சபையின் குருவாகிய சேவியர் தனிநாயகம் அடிகளார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடிற்று. அறிஞர் பெருமக்கள் அமர்ந்த அந்த அவைக்கு அடித்தளம் இட்டவர்களில் பெயர் தெரியாத தோட்டத் தொழிலாளரையும் நான் சேர்த்தே எண்ணுகிறேன்.

அவர்கள் ஏன் கொடுத்தார்கள்? தம் பிள்ளை படிப்பான் என்ற நம்பிக்கை ஒரு காரணம். தம் மொழி தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற மானம் மற்றொன்று. அவற்றுக்கும் ஆழத்தில் ஓர் உண்மை இருக்கிறது. கல்வி என்பது எவரும் தாமே ஈட்டியதன்று. முன்னோர் நட்ட மரத்தின் கனி. அந்தக் கடனை முன்னோரிடம் திருப்பிச் செலுத்த வழியில்லை. இனிப் பிறக்கப்போகும் முகமறியாப் பிள்ளைக்குச் செலுத்துவதே வழி. அந்தப் பிள்ளை நம் வாயிலில் வந்து கேட்க முடியாதவன். அவனும் இல்லாதவன்தான். இப்படிப் பார்த்தால் வள்ளுவரின் அளவுகோலுக்கும் இக்கொடை முரணாகாது.

பெத்தானியாவில் மரியா ஆண்டவரின் பாதங்களில் நறுமணத் தைலம் பூசியபோது, அதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாசு கேட்டான். கேள்வி நல்ல கேள்வி. கேட்டவனின் உள்ளம்தான் நல்லதன்று. ஏழையைக் காரணம் காட்டி மற்றக் கொடைகளை மறுப்பவர், ஏழைக்கும் கொடாமல் போவதுண்டு. என் இழுப்பறையை நான் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன்.

ஆனால் வாங்கும் கைக்கும் அறம் உண்டு. கைம்பெண் இரண்டு காசுகளைக் காணிக்கைப் பெட்டியில் இட்டதை வியந்து போற்றும் நாம், அதற்குச் சற்று முன்னர் ஆண்டவர் சொன்னதை மறந்துவிடுகிறோம். கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரை அவர் கடுமையாகக் கண்டித்தார். அதன் பின்னரே அவள் காணிக்கையைச் சுட்டிக்காட்டினார். கொடுத்தவளின் பெருமை, வாங்கியவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது. பச்சையப்பன் கல்லூரியின் வாயில் இந்து மாணவர்களைக் கடந்து அனைவருக்கும் திறக்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கொடையால் எழும் சுவர், சிலரை உள்ளே அழைத்துச் சிலரை வெளியே நிறுத்துமானால், கொடுத்தவரின் காசும் அந்த அநீதிக்குத் துணைபோகிறது.

ஆகவே கொடுப்பவர் ஒன்றைக் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். பெயர்ப் பலகை வேண்டாம்; நிர்வாகத்தில் இருக்கை வேண்டாம். பூ விற்கும் அம்மாவின் மகள் நாளை இந்த வாயிலில் வந்து நின்றால், கட்டணத்தைக் காட்டி அவளைத் திருப்பி அனுப்பாதிருப்பீர்களா? இந்த ஒரு கேள்விக்கு விடை போதும்.

இம்மாத ஓய்வூதியம் வந்ததும் இழுப்பறையைத் திறந்தேன். சிறு தொகை ஒன்றை அனுப்பி, அதனுடன் இந்தக் கேள்வியையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். விடை இன்னும் வரவில்லை. அந்தப் பெண்ணோ தேர்வு எழுதிவிட்டாள், முடிவுக்காகக் காத்திருக்கிறாள். இரண்டு கொடைகளும் ஒரே பிள்ளைக்கே போய்ச் சேர வேண்டும் என்பது என் மன்றாட்டு.