அமானிதமும் தெரிவும்

நான் பழைமை பேணுபவன்; உயிர் அல்லாஹ்வின் அமானிதம் என நம்புபவன். மருத்துவ உதவியுடன் மரணிப்பதைக் கனடா 2016இல் சட்டமாக்கியதும், மரணம் அண்மிக்காத நோயாளருக்கும் 2021இல் அதனை விரித்ததும் எனக்கு உவப்பானவையல்ல.

ஆனால் முற்போக்காளரைச் சாடுமுன் ஒன்றை யோசிக்க வேண்டியிருக்கிறது. அவ்வழியைத் திறந்த 2015ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 1982இன் உரிமைகள் சாசனத்தில் நின்றே வழங்கப்பட்டது. முக்காடிட்ட ஆசிரியைக்கு அரணும் அதே சாசனந்தான். கியூபெக் 2019இல் அரச பாடசாலை ஆசிரியர்கள் மத அடையாளம் அணிவதைத் தடுத்தபோது, 33ஆம் பிரிவைக் கொண்டே அந்த அரணைத் தாண்டியது. (செய்தது முற்போக்கு அரசல்ல, வலப்பக்கம் சாய்ந்த தேசியவாத அரசு.)

எனக்கான சுதந்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவனதைப் பறிக்கும்படி நான் எப்படிக் கேட்பது? கேட்கமாட்டேன். ஆயினும், வலுவிழந்த ஒருவருக்குப் பராமரிப்பை விட மரணம் இலகுவில் கிட்டுமாயின், அதைத் தெரிவு என்று சொல்ல என் நா எழாது.