கிருஷ்ண கமலம்

ஸ்ரீ:

எம்பெருமானுடைய ஸ்ருஷ்டியில் ஒரு புஷ்பமும் வீணன்று. காண்பவர் நெஞ்சில் எது நிறைந்துள்ளதோ, அதனையே அது காட்டி நிற்கும். பாரத தேசத்தில் கிருஷ்ண கமலம் என்று வழங்கும் மலர் இதற்குச் சான்று.

பெயரில் கமலம் உண்டேயன்றி இது தாமரை இனமன்று, நீரில் பூப்பதுமன்று. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட படர்கொடி. அங்குச் சென்ற ஸ்பெயின் தேசத்துப் பாதிரிமார்கள், ஏசுநாதர் சிலுவையில் பட்ட பாடுகளை இம்மலரில் கண்டனர். மூன்று சூல்முடிகளை ஆணிகளாகவும், ஐந்து மகரந்தப் பைகளைக் காயங்களாகவும், சுற்றிலுமுள்ள இழைகளை முள்முடியாகவும் பாவித்தனர். ‘பாஷன் ஃப்ளவர்’ என்னும் ஆங்கிலப் பெயர் இவ்வாறு வந்தது. அச்சொல் இக்காலத்தில் பெருவேட்கையைக் குறிப்பினும், அதன் லத்தீன் மூலம் பாடுபடுதலையே உணர்த்தும். தாவர சாஸ்திரி லின்னேயஸ் 1753-இல் தம் நூலில் எழுதிய ‘பாஸிஃப்ளோரா’ என்னும் பெயருக்கும் பொருள் அதுவே.

அக்கொடி இந்நாட்டிற்கு வந்தபின், இங்குள்ளார் அதே அங்கங்களில் மஹாபாரதத்தைக் கண்டனர். சுற்றி நிற்கும் இழைகள் கௌரவர் நூற்றுவர். ஐந்து மகரந்தப் பைகள் பாண்டவர். மூன்று சூல்முடிகள் மும்மூர்த்திகள். இழைகள் சரியாக நூறு என்பதில்லை, இது பாவனையே. வியாஸ பகவானும் ஆழ்வார்களும் இம்மலரைக் கண்டவர்களல்லர். அதனால் குறையொன்றுமில்லை. நம்மாழ்வார் திருவாய்மொழியில் நாயகி பாவத்தில் நின்றபோது, மண்ணைத் துழாவி வாமனன் அளந்த மண்ணென்றும், விண்ணைக் காட்டி அவன் உறையும் வைகுந்தமென்றும் உருகவில்லையா? எதைக் கண்டாலும் அவனை நினைப்பதே பக்தர் இயல்பு.

இப்பாவனையுள் ஆழ்ந்ததொரு தத்துவமும் உண்டு. இம்மலரின் நடுவே தூண்போல் ஒரு காம்பு எழுகின்றது. ஐந்து மகரந்தப் பைகளும் அத்தூணைப் பற்றியே நிற்கின்றன. இழைகளோ அதனைச் சூழ்ந்திருந்தும் அதனைப் பற்றாதவை.

பாரத யுத்தத்திற்கு முன் துவாரகையில் நிகழ்ந்ததும் இதுவே. துரியோதனன் நாராயண சேனையைப் பெற்று மகிழ்ந்தான். அர்ஜுனனோ, ஆயுதமெடாத கண்ணனையே வேண்டிப் பெற்றான். பின்னர்க் கண்ணன் ஹஸ்தினாபுரத்திற்குத் தூது எழுந்தருளியபோது, கௌரவர் சபையில் அவனைக் கண்ணாரக் கண்டனர். கண்டும் துரியோதனன் அவன் திருவடிகளைப் பற்றவில்லை; அவனைக் கட்டவே துணிந்தான். சூழ்ந்திருத்தல் வேறு, பற்றியிருத்தல் வேறு.

உத்ஸவ காலத்தில் எம்பெருமான் திருவீதி எழுந்தருளும்போது ஆயிரமாயிரம் பேர் சூழ்ந்து நிற்பர். நெஞ்சு வீட்டு வழக்கிலும் வியாபாரத்திலும் உழல, உடல் மட்டும் கூட்டத்தில் நிற்குமாயின், அது இழையாய் நிற்பதேயாகும். அக்கூட்டத்தினின்று நெஞ்சால் ஓரடி முன்சென்று அவன் திருவடிகளைப் பற்றுபவரே ஐவரோடு எண்ணத்தக்கவர்.

கிருஷ்ண கமலம் மலர்ந்திருப்பது ஒரு நாளே. அந்த ஒரு நாளிலும் ஐந்தும் நடுத்தூணை விடுவதில்லை. மானிடப் பிறவியும் நெடிதன்று. அது உள்ளபோதே பற்றத்தக்கவனைப் பற்றுதல் அடியார் கடன்.

ஸர்வம் ஸ்ரீ கிருஷ்ணார்ப்பணம்.