கைநீட்டி வாங்கியவர்



பெரியபுராணத்து அமர்நீதி நாயனாரை உங்களுக்குத் தெரியும். பழையாறை வணிகர். அடியார் வேடத்தில் வந்த சிவபெருமான் ஒரு கோவணத்தைக் கொடுத்து, "பத்திரமா வச்சிருங்க" என்று சொல்லிப் போனார். திரும்பி வந்தால் கோவணத்தைக் காணோம். "யாரோ எடுத்துட்டாங்க சாமி, நான் என்ன செய்ய?" என்று நாயனார் கேட்கவில்லை. தராசு வந்தது. ஒரு தட்டில் அடியாரின் இன்னொரு கோவணம். மறுதட்டில் பட்டும் பொன்னும் குவித்தும் சமமாகவில்லை. கடைசியில் மனைவி, மகனோடு தாமே ஏறி நின்றார்.

இதைப் பக்திக் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அடைக்கலப் பொருளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் இதில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜெமினி என்றொரு கிரிப்டோ தளம். 2021இல் 'ஏர்ன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நாணயத்தைக் கொடுங்கள், 7.4 விழுக்காடு வரை வட்டி என்றது. கொடுத்ததெல்லாம் ஜெனிசிஸ் என்ற வேறொரு கம்பெனிக்குக் கடனாகப் போனது. 2022 நவம்பரில் ஜெனிசிஸ் பணம் எடுப்பதை நிறுத்தியது. சுமார் 3,40,000 பேர் மாட்டிக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் நியூயார்க் நிதிச் சேவைத் துறை ஜெமினிக்கே 3 கோடியே 70 லட்சம் டாலர் அபராதம் போட்டது. குறைந்தது 110 கோடி டாலரைத் திருப்பித் தரவும் ஜெமினி ஒப்புக்கொண்டது. ஜெனிசிஸ் தள்ளாடுவது உள்ளே தெரிந்தும் வெளியே 'ஆபத்து குறைவு' என்று சொன்னார்கள் என்பது மாநிலத் தலைமை வழக்கறிஞரின் குற்றச்சாட்டு. வட்டியை விட அந்த ஒரு சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

நம் பேராக்கில் தோட்டக் காலத்திலும் பணம் வாய்ச்சொல்லை நம்பித்தான் கை மாறியது. லயத்தில் கூட்டு கட்டுவார்கள். (1971இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது, சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது!) கூட்டு உடைந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றாவது தெரியும். டெலிகிராம் குழுவில் எந்தக் கதவைத் தட்டுவது?

இங்கே செக்யூரிட்டீஸ் கமிஷன் 2021 ஜூலையில் பைனான்ஸ் மீதும், 2024 டிசம்பரில் பைபிட் மீதும் நடவடிக்கை எடுத்தது. பதிவில்லாமல் நடத்தியதால் தளத்தை மூடு, விளம்பரத்தை நிறுத்து என்று உத்தரவு. உரிமமில்லாமல் முதலீட்டு ஆலோசனையைத் தொழிலாகச் செய்பவருக்கும் 1 கோடி வெள்ளி வரை அபராதமோ, 10 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

"நான் லிங்க்தானே அனுப்பினேன்" என்று ஒரு தம்பி சொல்லலாம். சரிப்பா. ஆனால் புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு அத்தை தன் இ.பி.எஃப். பணத்தைப் போடுவது அந்த லிங்க்கைப் பார்த்தா? கோயிலில் காவடிக்குத் தோள் கொடுக்கிற பையன் சொன்னான் என்றுதானே போடுகிறார். வள்ளுவர் வாய்மைக்கு வைத்த அளவுகோல், பிறருக்குத் தீங்கு தராத சொல் என்பது. நீ அனுப்பும் லாபக் கணக்குப் படம் உண்மையாகவே இருந்தாலும், நட்டத்தை மறைத்தால் இந்த அளவுகோலில் அது தேறாது.

கமிஷனின் இணையத்தளத்தில் பதிவு பெற்ற தளங்களின் பட்டியலும் உண்டு, எச்சரிக்கைப் பட்டியலும் உண்டு. பதிவு பெற்ற தளத்திலும் விலை இறங்கும், அது வேறு. வெள்ளிக்கிழமை பூசை முடிந்து யாராவது, "தம்பி, இதுல போடலாமா?" என்று போனை நீட்டினால், அங்கேயே உட்கார்ந்து இரண்டு பட்டியலையும் அவரோடு பாருங்கள். அவர் சேர்ந்தால் உங்களுக்குப் பணம் வருமென்றால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.